முன் பிரஷ் கார்டு கோணலா நிக்குது: ஓட்டையை நீட்டினா போதுமா, சேஸை அளக்கணுமா?

மண்பாதை
வணக்கம் நண்பர்களே. லேடர் சேஸ் வண்டி (ஏணி மாதிரி இரும்புச் சட்டத்து மேல பாடி தனியா உட்கார்ற வகை), செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. புதுசா ஒரு இரும்பு பிரஷ் கார்டு, அதான் வண்டி முன்பக்கத்தைக் காக்கிற பைப் சட்டம், மாட்டியிருக்கேன். சேஸ் நுனி ரெண்டுலயும் முகத்துல பக்கத்துக்கு ரெண்டு எம்12 (12 மி.மீ. விட்டம்) போல்ட். மூணு போல்ட் கையாலயே ஏறிடுச்சு. வலது கீழ் போல்ட்டுக்கு மட்டும் கடப்பாறை போட்டு நெம்பித்தான் ஓட்டை நேருக்கு நேர் வந்தது.

மாட்டி முடிச்சுப் பார்த்தா, ஃபெண்டருக்கும் கார்டுக்கும் நடுவுல இடது பக்கம் 31 மி.மீ. இடைவெளி, வலது பக்கம் 14 மி.மீ. அதோட மேல் பைப்பைப் பானெட் விளிம்போட வெச்சுப் பார்த்தா இடது முனை 18 மி.மீ. தூக்கி நிக்குது. தெரு முனையில இருந்து பார்த்தாலே தெரியுது. வண்டி ஏற்கெனவே எங்கயாவது முட்டியிருக்குமோன்னு பயமா இருக்கு. எங்க கை வைக்கிறது?

அரமும்ஆணியும்
தம்பி, இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்காதீங்க. வெல்டிங் பண்ணின பைப் வேலை எதுவுமே மில்லிமீட்டர் சுத்தமா வராது. வெல்டு ஆறும்போது பிராக்கெட்டை இழுத்துடும். எல்லா போல்ட்டையும் தளர்த்துங்க, வட்ட அரத்தால ஓட்டையை மேலயும் கீழயும் நீட்டுங்க, தாழ்ந்த பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கண்ணுக்கு நேரா வந்ததும் முறுக்குங்க. முன்பின் வித்தியாசத்துக்கு வலது மேல் போல்ட்ல ரெண்டு வாஷர். ஒரு மத்தியான வேலை.

மூலைமட்டம்
அரத்தைக் கீழே வையுங்கள், மண்பாதை. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எதை வைத்துப் பார்த்தால் கார்டு கோணல்?

கார்டு சேஸில் நிற்கிறது. பானெட்டும் ஃபெண்டரும் கிரில்லும் பாடியோடு சேர்ந்தவை. பாடி, ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக நீங்கள் அளந்த 18-ம், 31-ம், 14-ம் ரெண்டு தனித்தனிப் பொருளுக்கு இடையிலான வித்தியாசம். கார்டு கோணலாக இருக்கலாம், சேஸ் நுனி பின்னால் போயிருக்கலாம், பாடி ஒரு பக்கம் அமுங்கியிருக்கலாம், மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தும் இருக்கலாம். எது என்று தெரியாமல் அரத்தை எடுப்பது, பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டுச் சட்டையின் கீழ் மடிப்பை வெட்டி நேராக்குவது மாதிரி.

வாஷர் யோசனையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் கார்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் எவ்வளவு தூரம்? வழக்கமாக 60 மி.மீ. பக்கம் இருக்கும். மேல் பைப் அதற்கு மேலே 600 மி.மீ. உயரத்தில் இருந்தால், ஒரு போல்ட்டில் மட்டும் 1 மி.மீ. வைத்தாலே மேலே 10 மி.மீ. நகரும். ரெண்டு தடி வாஷர் என்றால் 5 மி.மீ., மேலே 50! ஒரு பக்கம் மட்டும் அப்படிச் செய்தால் கார்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கு முழுக்க வெல்டில் போய் உட்காரும்.

அரமும்ஆணியும்
வாஷர் விஷயம் சரிதான், ரெண்டு போல்ட்டுக்கும் சமமா வைக்கணும். ஆனா ஓட்டையை நீட்டுறது ஏதோ பாவம் மாதிரி பேசறீங்க. எம்12, 8.8 தர (அதிக வலுவுள்ள) போல்ட்டை 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு முறுக்கினா ஒவ்வொண்ணும் மூணு டன்னுக்கு மேல இறுக்கிப் பிடிக்கும். கார்டைத் தாங்குறது போல்ட்டோட உடம்பு இல்ல, அந்த இறுக்கத்தால வர்ற உராய்வு. நாலு போல்ட்டும் சேர்ந்தா ஒன்றரை டன்னுக்குக் குறையாது. கார்டு எடை அதுல எந்த மூலைக்கு? கம்பெனிக்காரனே எத்தனையோ பிராக்கெட்ல நீள் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கறான்.

ஜாக்கிசங்கிலி
நான் ரெண்டு பேர் சொல்றதையும் ஒத்துக்கல. கார்டுதானே வளைஞ்சிருக்கு, கார்டைத்தான் வளைக்கணும். வண்டியிலயே மாட்டி வெச்சு, தூக்கி நிக்கிற பக்கத்தைச் சங்கிலி போட்டு ஒரு மரத்துல கட்டி இழுங்க. இல்லன்னா கேஸ் கட்டர்ல சூடு காட்டி வளைங்க. பட்டறையில தினமும் நடக்கிற வேலைதான்.

மூலைமட்டம்
அரமும்ஆணியும், உராய்வுக் கணக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரும்பும் இரும்பும் தொட்டால்தான். தடியான பவுடர் கோட்டிங் நடுவில் இருந்தால் அது நாளாக ஆக நசுங்கும், இறுக்கம் குறையும், நீட்டின ஓட்டையில் கார்டு இறங்கும். மெல்லிசு வாஷரும் நீள் ஓட்டைக்குள் குழிந்துவிடும். அதனால் செய்வதாக இருந்தால் ஒட்டும் முகத்தில் கோட்டிங்கைச் சுரண்டி, மெல்லிசாகத் துத்தநாக பிரைமர் அடித்து, தடி வாஷர் போட்டுச் செய்யவேண்டும். ஓட்டை நடுவில் இருந்து பிளேட் விளிம்பு வரை போல்ட் விட்டத்தில் ஒன்றரை மடங்காவது, அதாவது 18 மி.மீ., மிஞ்சவேண்டும்.

ஜாக்கிசங்கிலி சொல்வதை நான் முழுக்க மறுக்கிறேன். வண்டியில் மாட்டி வைத்து இழுத்தால் அந்த விசை எங்கே போகும்? சேஸ் நுனிக்கு. மோதினால் மடங்கும்படி செய்த பகுதி அது. பைப்பும் கொஞ்சம் வளைந்து, விட்டதும் திரும்பி வரும். அதைத் தாண்டி இழுத்தால் வெல்டு ஓரத்தில் விரிசல் விழும். சூடு காட்டினால் கோட்டிங் போச்சு, பைப்புக்கு உள்பக்கம் துரு ஆரம்பிக்கும். பைப் வளைந்திருக்கிறது என்று யாரும் இன்னும் அளக்கவே இல்லையே!

மண்பாதை, செய்யவேண்டியது இதுதான். கார்டைக் கழற்றிச் சமதரையில் படுக்க வையுங்கள், ஆடுகிறதா பாருங்கள். மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள், ரெண்டும் சமமா? பிறகு ஒரு அட்டையில் இடது பிராக்கெட் பிளேட்டையும் ஓட்டைகளையும் கீழ் பைப்பையும் வரைந்து வெட்டி, அட்டையைத் திருப்பி வலது பக்கம் வையுங்கள். ஓட்டை ஒத்துப்போகவில்லை என்றால் குற்றம் கார்டில்.

சேஸுக்கு: ரெண்டு நீளத் தண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிற ஓட்டைகளை, முன்னால் ஒரு ஜோடி பின்னால் ஒரு ஜோடி, தேர்ந்தெடுத்துத் தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் குறியுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு, குறிகளைக் குறுக்காக, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். சேஸ் நுனியில் பள்ளமோ மடிப்போ தெரிந்தால் உடனே பயப்படவேண்டாம், மோதலில் மடங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே அப்படி அழுத்தியிருப்பார்கள். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது அடி இல்லை. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் வெடித்திருந்தால்தான் கவலை.

நெடும்பயணி
இடையில ஒண்ணு கேக்கறேன், மண்பாதை. வண்டியில முன்னால டோ ஹூக் (வண்டியைக் கட்டி இழுக்கிற கொக்கி) ஒண்ணுதானா, ரெண்டா? எந்தப் பக்கம்? அதோட பிளேட் கார்டு பிராக்கெட்டுக்கும் சேஸ் நுனிக்கும் நடுவுல மாட்டியிருக்கா?

வலது கீழ் போல்ட் மட்டும் ஏறலன்னு சொன்னதுல இருந்தே எனக்கு இதுதான் தோணுது. ஒரு பக்கம் முன்னால தள்ளி நின்னா, மறு பக்கத்துல பிளேட் முகத்தோட படியாம சாய்ஞ்சு நிக்கும், ஓட்டை நேர் வராது.

மண்பாதை
அக்கா, நீங்க கேட்டதும் போய்ப் படுத்துப் பார்த்தேன். டோ ஹூக் இடது பக்கம் மட்டும்தான். அதோட பிளேட் 8 மி.மீ. கனம், சேஸுக்கும் கார்டுக்கும் நடுவுலதான் இருக்கு. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல, நேரா சேஸ் முகம்.

மத்த அளவுகளும் எடுத்துட்டேன். கார்டு தரையில ஆடல, மூலைக்கு மூலை சமம். அட்டையைத் திருப்பி வெச்சா ஓட்டை ஒத்துப்போகல. கீழ் பைப்ல இருந்து கீழ் ஓட்டை நடு வரைக்கும் இடது 212, வலது 218. சேஸ் குறுக்களவு ரெண்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம். நுனியில மடிப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, பெயின்ட் எங்கயும் வெடிக்கல.

மூலைமட்டம்
பிரமாதமாக அளந்திருக்கிறீர்கள். தூக்குக்குண்டு வைத்து அளக்கும்போது 2 மி.மீ. என்பது கை ஆட்டத்திலேயே வரும். சேஸை விட்டுவிடலாம், வண்டி முட்டவில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். ரெண்டு பிராக்கெட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? கார்டின் மொத்த அகலம்?

மண்பாதை
பிராக்கெட் நடுவுக்கு நடு 820. கார்டு முனைக்கு முனை 1640.

மூலைமட்டம்
சரியாக ரெட்டிப்பு. அப்படியானால் பிராக்கெட்டில் இருக்கிற வித்தியாசம் முனையில் ரெண்டு மடங்காகத் தெரியும். டோ ஹூக் பிளேட் 8, முனையில் 16. உங்கள் 31-க்கும் 14-க்கும் வித்தியாசம் 17. நெடும்பயணி சொன்னதுதான் காரணம், இதில் அரத்துக்கு வேலையே இல்லை. வலது பக்கம் 8 மி.மீ. கனத்தில், பிராக்கெட் பிளேட் அளவிலேயே ஒரு முழு இரும்புத் துண்டு வெட்டி, ரெண்டு ஓட்டை போட்டு வையுங்கள். மெல்லிசு வாஷர்களாக அடுக்கவேண்டாம், ஒவ்வொரு இடுக்கும் நசுங்கும்.

உயரத்தில், பிராக்கெட் ஓட்டை 6 மி.மீ. பிசகு, முனையில் 12. நீங்கள் பார்த்தது 18. மிச்சம் 6 எங்கே? அதுதான் பாடி. இடது முன் பாடி மவுண்ட் ரப்பரைப் பாருங்கள்.

அரமும்ஆணியும்
ஆக முனையில தெரியற அந்த 12 மி.மீ.க்காக ஓட்டையை நீட்டித்தானே ஆகணும்? இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன். ஒரு பக்கமே 6 நீட்டாதீங்க தம்பி. இடது ஓட்டையை மேல் பக்கம் 3, வலது ஓட்டையைக் கீழ் பக்கம் 3. இடது இறங்கும், வலது ஏறும். விளிம்பும் பத்திரமா இருக்கும்.

ஆனா பானெட்டுக்கு நேரா வர்ற வரைக்கும் நீட்டிடுங்க, அந்த 6-ஐயும் சேர்த்து. பார்க்கிறவன் சேஸையா பார்க்கப் போறான்? பானெட்டையும் கார்டையும்தான் பார்ப்பான்.

மூலைமட்டம்
3, 3 என்று பிரிப்பது நல்ல யோசனை, அப்படியே செய்யலாம். பானெட்டுக்கு நேராக வைப்பதைத்தான் ஏற்கமாட்டேன். அமுங்கின ரப்பரை என்றைக்காவது மாற்றத்தான் போகிறார். அன்றைக்குப் பாடி நிமிரும், கார்டு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். அப்போது மறுபடி அரமா? கார்டு சேஸுக்கு மட்டமாக இருக்கட்டும்.

ஜாக்கிசங்கிலி
பைப் நேரா இருக்குன்னு அளந்து சொன்னதுக்கு அப்புறம் வளைக்கச் சொல்லல. ஆனா ஒண்ணு, மேல் பைப்ல இருந்து ரேடியேட்டர் சப்போர்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பட்டை வெச்சு வெல்டு அடிச்சிடுங்க. இல்லன்னா கல்லு ரோட்டுல கார்டு தலையாட்டும், எவ்வளவு முறுக்கினாலும் போல்ட் தளரும்.

நெடும்பயணி
அதை மட்டும் செஞ்சுடாதீங்க மண்பாதை, கெஞ்சிக் கேக்கறேன். மேடுபள்ளத்துல ஒரு சக்கரம் தூக்கும்போது சேஸ் முறுக்கும், பாடி ரப்பர் மேல தனியா அசையும். அந்த அசைவுக்காகத்தான் ரப்பரே வெச்சிருக்காங்க. கார்டோட கால் சேஸ்ல, தலை பாடியிலன்னு கெட்டியா கட்டினா, ரெண்டோட சண்டையும் ரேடியேட்டர் சப்போர்ட்டுக்குத்தான் போகும். ஹெட்லைட் பிராக்கெட்ல விரிசல், ரேடியேட்டர் காதுல விரிசல்னு வரிசையா வரும். பல வண்டிகள்ல ஏர்பேக் முன் சென்சார் அந்தச் சப்போர்ட்லயேதான் இருக்கும். அங்க வெல்டிங்கா?

மேல பிடிமானம் வேணும்னா ரப்பர் புஷ் வெச்ச பட்டை, போல்ட் போட்டு மாட்டறது. அப்புறம், அழகுக்காகக் கார்டை ஃபெண்டரோட ஒட்டி வைக்காதீங்க. சேஸ் முறுக்குற பாதையில போறவங்க எல்லாப் பக்கமும் 20 மி.மீ.யாவது விட்டு வையுங்க. 14 இருந்துச்சே அந்த வலது பக்கம், ஒரு நல்ல பள்ளத்துல ஃபெண்டர் பெயின்ட்டைச் சுரண்டியிருக்கும். வின்ச் கயிறையோ மீட்பு பெல்ட்டையோ இந்தக் கார்டுல மாட்டி இழுக்கவே கூடாதுங்கறதையும் சேர்த்துச் சொல்லிடறேன், அதுக்கு டோ ஹூக் இருக்கு.

மண்பாதை
வேலை முடிஞ்சது. 8 மி.மீ. பிளேட்ல பிராக்கெட் அளவுக்குத் துண்டு வெட்டி வலது பக்கம் வெச்சேன். சேஸ் நுனிக்குள்ள வெல்டு பண்ணின நட்டுங்கறதால, பழைய போல்ட்டே போட்டா நாலஞ்சு மரைதான் பிடிச்சது. 8 மி.மீ. நீளம் கூடின 8.8 போல்ட் வாங்கிப் போட்டதும் 12 மி.மீ.க்கு மேல உள்ள போச்சு. ஓட்டை இடது மேல 3, வலது கீழ 3 நீட்டினேன். விளிம்பு வரைக்கும் 20-க்கு மேல மிச்சம் இருக்கு. கோட்டிங் சுரண்டி, பிரைமர், தடி வாஷர், நாலையும் கையால ஏத்தி, ஜாக்கியில தாங்கி, மாத்தி மாத்தி 80-க்கு முறுக்கினேன். கடப்பாறை தேவைப்படல, வலது கீழ் போல்ட் விரலாலயே ஏறிச்சு.

இடைவெளி இப்போ இடது 27, வலது 26. உயரம் இடது இன்னும் 6 மி.மீ. மேல. இடது முன் பாடி மவுண்ட் ரப்பர் பிதுங்கி, வெடிச்சுப்போய் இருக்கு. வலதைவிட 4 மி.மீ. தாழ்வு.

அரமும்ஆணியும்
நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. அந்த 6 என் வண்டியில இருந்தா நான் இன்னிக்கே கார்டைச் சாய்ச்சிருப்பேன், அதுல என் கருத்து மாறல. ரப்பரை மாத்தறதா இருந்தா இடது ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, முன் ஜோடியையாவது சேர்த்து மாத்துங்க. புதுசு ஒரு பக்கம் பழசு ஒரு பக்கம்னா பாடி மறுபடி சாயும்.

மூலைமட்டம்
ஆமாம், ஜோடியாக. மாற்றும்போது ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ் எதுவும் இழுபடாத அளவுக்கு மட்டும் பாடியைத் தூக்குங்கள், ஜாக்கிக்கு மேல் மரக்கட்டை வைத்து. கார்டு போல்ட்டுகளைக் கரடுமுரடான பாதையில் ஒரு 100 கி.மீ. ஓடினதும் மறுபடி டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள்.

மண்பாதை
ரப்பர் முன் ஜோடி ஆர்டர் போட்டாச்சு. வந்து மாட்டினதும் புது அளவை இங்கயே போடறேன்.