மதுரை மேலூர், ஒத்தக்கடை பக்கம் சிலம்ப ஆசான் தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். நான்காம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகள் தற்காப்புக் கலை கற்றே தீருவேன் என்கிறாள். எதில் சேர்ப்பது என்று ஒரு மாதமாகத் தேடிப் படிக்கிறேன்.

கராத்தே ஜப்பானின் தெற்கிலுள்ள ஒகினாவா தீவில் பிறந்தது. 1922இல் கிச்சின் ஃபுனாகோஷி டோக்கியோவில் செய்துகாட்டிய பிறகே ஜப்பானின் மற்ற பகுதிகளில் பரவியது. ஜூடோவை ஜிகோரோ கானோ 1882இல் உருவாக்கினார். அடிபடாமல் விழுவதற்குத்தான் முதலில் பழக்குகிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. டேக்வாண்டோ கொரியாவுடையது, காலுக்கே வேலை அதிகம்.

ஆனால் மனம் சிலம்பத்திலேயே நிற்கிறது. எங்கள் தாத்தாவின் மூங்கில் கம்பு இன்னும் பரணில் இருக்கிறது. இரு முனையிலும் பித்தளைப் பூண். அவர் கைபட்ட இடம் மட்டும் வழுவழுவென்று கறுத்திருக்கிறது. துடைத்துக் கொடுத்தேன். பிள்ளையின் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது! ஆளின் நெற்றி உயரமே கம்பின் அளவு என்பார் தாத்தா.

போன வருடம் ஒரு வகுப்பில் சேர்த்தோம். காலடி வரிசை, அதாவது கால் வைக்கும் முறை, சொல்லித்தராமல் முதல் வாரமே கம்பைச் சுற்றவிட்டார்கள், மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்: காலடியிலிருந்து பொறுமையாகக் கற்றுத்தரும் ஆசான் இந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? பெண் பிள்ளைகளும் அங்கே பழகுகிறார்களா? சனி, ஞாயிறு என்றால் நானே அழைத்து வருவேன்.

அப்படியே இன்னொன்று: பழைய மூங்கிலில் விரிசல் விடாமலிருக்க என்ன எண்ணெய் பூசுவது? பழகிய பெரியவர்கள் சொல்லுங்கள்.