பொருள்: இறங்கிய தரையைத் தூக்குவதற்கு ஒரு சொல், திங்கட்கிழமைக்குள்

செந்தூலிலிருந்து:
வணக்கம். ஒரு கட்டுமானக் குத்தகையாளருக்குத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். மலாயும் சீனமும் முடிந்தன, தமிழ்தான் பாக்கி. வேலை இதுதான்: வீடு பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்பதால் அசைவதில்லை. காடி நிறுத்தும் இடமும் சுற்றுச் சிமெண்டும் வெறும் நிரப்பு மண்ணில் கிடக்கின்றன. மண் சரியாக இறுகாமலோ, லோங்காங் (சாக்கடை) விரிசல் வழியாகத் தண்ணீர் அரித்தோ தளம் இறங்கிவிடுகிறது. எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழேயே கை நுழைகிறது, பூனை குட்டி போட்டிருக்கிறது. தளத்தை உடைக்காமல், துளையிட்டு, மண்ணும் சிமெண்டும் குழைத்த சேற்றை அழுத்தி உள்ளே ஏற்றினால் மெல்ல மேலே வரும். மட்ஜாக்கிங் என்கிறார்கள். தமிழில்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
‘கற்காரை நிரவல்’. கற்காரை என்பது கான்கிரீட். நிரத்தல் சமமாதல், நிரவுதல் சமமாக்குதல். நிரை, நிரல் எல்லாம் ஒரே குடும்பம். வெட்சியில் கவர்ந்த ஆநிரையும் வரிசையாக நடந்ததுதானே? இன்று கணினிக்காரர்கள் எழுதும் நிரலும் அதே மாட்டு வரிசைதான்.

ஜெலுத்தோங்கிலிருந்து:
ஐயா, மாடு வந்துவிட்டது, தளம் இன்னும் வரவில்லை. நிரவல் என்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவது. இங்கே வெட்டுவதே இல்லை. கற்காரை என்று போட்டால் என் அம்மா ஏதோ பலகாரம் என்று நினைப்பார். சிமெண்டு என்றே போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
சிமெண்டு வேறு, கற்காரை வேறு. மாவும் இட்லியும் ஒன்றா?

ஜெலுத்தோங்கிலிருந்து:
அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) தடுக்கி முட்டி பெயர்ந்தவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை ஐயா.

பிறையிலிருந்து:
நான் இந்த வேலையிலேயே இருப்பவன். பெயரில் ‘சேறு’ வேண்டாம். சேற்றுக்கு 40, 50 மில்லிமீட்டர் துளை போடுவோம். இப்போது பாலியூரித்தேன் நுரையும் ஏற்றுகிறார்கள். அதற்கு 16 மில்லிமீட்டர் போதும், ஐந்து சென் காசால் மூடிவிடலாம். நுரை உள்ளே போய் உப்பித் தளத்தைத் தூக்கும். சேறு கனம், இளகிய மண்ணில் அந்தக் கனமே தளத்தை மறுபடி இறக்கலாம். நாங்கள் ‘ஸ்லாப் தூக்குறது’ என்போம், அவ்வளவுதான்.

செந்தூலிலிருந்து:
‘தள நெம்பல்’ எப்படி?

பிறையிலிருந்து:
நெம்புவதற்கு ஓரத்தில் கடப்பாரை விட வேண்டும். ஸ்லாப் உடைந்துவிடும் தம்பி.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
அப்படியானால் ‘தளமெக்கல்’. நீரை எக்கி அடிப்பதும் எக்குதல், பிள்ளை நுனிக்காலில் எக்கி அலமாரியை எட்டுவதும் எக்குதல். அழுத்துவதும் உயர்வதும் ஒரே சொல்லில்!

ஜெலுத்தோங்கிலிருந்து:
வயிற்றை உள்ளே இழுப்பதும் எக்கல்தான். ஆனாலும் அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். விளக்கம் சொல்ல ஐயாவே வீடு வீடாகப் போவதானால் சரி. என் வாக்கு ‘தூக்குதல்’.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
சென்னையில் ரோடு உயர உயர வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். இதுவும் தூக்குதல் என்றால் வீட்டைத் தூக்க வருகிறீர்களா என்று கேட்பார்கள்.

செந்தூலிலிருந்து:
ஞாயிறு இரவு மணி 11. மூன்று பேர் தூக்குதல் பக்கம். ‘இறங்கிய சிமெண்டுத் தளத்தை உடைக்காமல் தூக்கிவிடுகிறோம்’ என்று தலைப்பில் போட்டுவிட்டேன். ஐயாவுக்காக உள்பக்கத்தில் ஓரிடத்தில் தளமெக்கல். குத்தகையாளர் படித்துவிட்டு, அது ‘விக்கல்’ என்பதன் அச்சுப்பிழையா என்று கேட்டார்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
மகிழ்ச்சி. கற்காரை எங்கே?