சமூகப் பதற்றத்தைக் குறைக்க, பயமுறுத்தும் சூழல்களை எளிதிலிருந்து கடினம்வரை ஏணிப் படிகளாக எழுதி, ஒவ்வொன்றாகச் செய்து பழகுகிறோம். நீங்கள் ஏறிய படிகளில் எது இன்னும் மனதில் நிற்கிறது?

நுனி இருக்கை:
என் பட்டியலில் ஏழாவது படி, அலுவலகக் கூட்டத்தில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்பது. ஏணி போடுவது, பதற்றத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது எல்லாம் இங்கே எல்லோருக்கும் பழக்கம்தான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆறு படிகளுக்கு ஐந்து மாதம் ஆனது. ஏழாவதுக்கு நான் போட்டிருந்த மதிப்பெண் 75.

அறையில் பதினெட்டுப் பேர். கேள்வியை முந்தின இரவே எழுதி வைத்திருந்தேன், ஒரே வரி. மேலதிகாரி “வேற ஏதாவது?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார். அந்த நாற்காலிக் கால் தரையில் உரசிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அது நிற்பதற்குள் பேசியாக வேண்டும். பேசினேன். குரல் என் காதுக்கே எட்டவில்லை. “என்னம்மா?” என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. மறுபடி கேட்டேன். இந்தத் தடவை குரல் வந்தது, ஆனால் கையிலிருந்த தாள் படபடவென்று ஆடியது அறை முழுக்கக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. அவர் பதில் சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

அன்று இரவு முழுக்க அந்த இரண்டு நிமிடத்தை மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். காலையில் தாங்க முடியாமல் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டே விட்டேன்: “நேத்து கேள்வி கேட்டப்போ நான் ரொம்ப நடுங்கினேனா?” அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அப்புறம் சொன்னார்: “நேத்து நீ கேள்வி கேட்டியா?”

இரண்டு வாரம் தயாரானேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நிம்மதியா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மெதுநடை:
எனக்கு நினைவில் நிற்பது மூன்றாவது படி. தெரியாத ஆளிடம் மணி கேட்பது. ஒரு நாளைக்கு மூன்று பேர், ஒரு வாரத்துக்கு. நான்காவது நாள், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போய், “ஐயா, மணி என்ன ஆகுது?” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பார்த்தார். “தம்பி, உன் கையிலயே கட்டியிருக்கியே.”

அன்றைக்குக் கழற்றி வைக்க மறந்திருந்தேன். காது மடல்வரை சூடு ஏறியது. கால் தானாகத் திரும்பப் பார்த்தது. ஓடிவிட்டால் அந்த நிறுத்தத்துக்கு இனி வாழ்நாளில் வர மாட்டேன் என்று தெரிந்தது, அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். “புது ஆளுங்ககிட்ட பேச எனக்குப் பயம் ஐயா. பழகிக்கிட்டிருக்கேன்.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பி, “சரி, இன்னொரு தடவை கேளு” என்றார். கேட்டேன். சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளி, தன் கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய், “நாலு பத்து” என்றார். அதற்குள் அவர் ஏற வேண்டிய பேருந்து வந்துவிட்டது.

அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக அவரை நினைக்காத வாரம் இல்லை.

கல்தூண்:
நுனி இருக்கை, பக்கத்து இருக்கைக்காரர்மேல் வருத்தம் வேண்டாம். 2000ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்குக் கூச்சம் தரக்கூடிய படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று மாட்டியவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். நாம் நினைக்கிற அளவுக்கு யாரும் நம்மைப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு படிக்கு ஐந்து மாதம் என்பது மிக மெதுவு. நான் ஏணியே போடவில்லை. இருநூறு பேர் முன்னால் பேசப் பெயர் கொடுத்தேன், ஏறினேன், முதல் வாக்கியம் மறந்துபோய் ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன், பிறகு பேச்சு வந்தது. அன்றோடு பாதி பயம் போனது.

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரின் கதையைப் படித்துப் பாருங்கள். பத்தொன்பது வயதில் பெண்களிடம் பேச அவருக்கு அவ்வளவு பயம். நியூயார்க்கில் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போய், இருக்கையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேசியே தீருவது என்று முடிவெடுத்தார். ஒரு மாதத்தில் 130 பேரிடம் போனார். 30 பேர் எழுந்து போனார்கள், மீதி 100 பேரிடம் பேசினார். ஒருத்தர் மட்டும் மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டார், அவரும் வரவில்லை. ஆனால் பயம் போயிற்று என்று எல்லிஸே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஆகவே என் ஆலோசனை: எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் நடுவில் ஆறு நாள் பயம் மறுபடி வளரும். நாளுக்குப் பத்து என்று வையுங்கள். முந்தின இரவு எழுதி வைக்காதீர்கள். எழுதி வைத்தாலே மனம் அதைப் பரீட்சையாக்கிவிடும். இரவில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தால் உடனே எழுந்து வேறு வேலையில் இறங்குங்கள். யாரிடமும் “நான் நடுங்கினேனா” என்று கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு உறுதி தேடுவது அடுத்த பழக்கமாகிவிடும்.

வெண்மணல்:
கல்தூண் அண்ணா, அந்த 130 பேரில் ஒருத்தியாக என்னை நினைத்துப் பார்த்தேன். பூங்கா இருக்கையில் தனியாக அரை மணி நேரம் உட்கார்வது என் ஏணியில் ஐந்தாவது படி. அங்கே முன்பின் தெரியாத ஆண் வந்து பேச்சுக் கொடுத்திருந்தால் நான் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன். நம் பயிற்சிக்கு இன்னொருவரின் நிம்மதியைச் செலவழிக்கலாமா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. மெதுநடை கேட்டது மணி. அதற்கு யாருக்கும் ஒரு நிமிடத்துக்குமேல் போகாது.

நேராக மேடையேறியது உங்களுக்குப் பலித்தது, மகிழ்ச்சி. நீங்களாகப் பெயர் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனக்குப் பதிமூன்று வயதில் ஓர் ஆசிரியர், “இவளுக்குக் கூச்சம், இன்னைக்குப் போக்கிடலாம்” என்று கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார். ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டும் கேட்டது. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் நான்கு வருடம் வகுப்பில் வருகைப்பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்கினேன். அதனால் “ஒரேயடியாக இறங்கு” என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய ஒரு சின்னப் பையனின் பயத்தைப் போக்கிய விதத்தை எழுதினார். பையனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. கூண்டிலிருந்த முயலை முதலில் தூரத்தில் வைத்தார்கள். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே அதைத் தடவிக் கொடுத்தான். முயலைத் தூக்கி யாரும் அவன் மடியில் போடவில்லை.

என் அனுபவத்தைச் சொல்ல வந்தவள், சண்டையில் இறங்கிவிட்டேன். என்னுடையது தொலைபேசி. மருத்துவமனைக்கு அழைத்து நேரம் வாங்க வேண்டும். தாளில் நான்கு வரி எழுதி, அதைப் பார்த்துப் படித்தேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யாருக்குப் பார்க்கணும்?” என்றார். அது என் தாளில் இல்லை. எனக்குத்தான் பார்க்க வேண்டும், ‘எனக்கு’ என்று நான்கு எழுத்து. அந்த நான்கு எழுத்து வருவதற்குள் சுவர்க்கடிகார முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வைக்கவில்லை. காத்திருந்தார்.

சாரல்:
ஏணியில் ஏறியும் ஒன்றும் மாறாதவர்கள் யாராவது இருந்தால் இதைப் படியுங்கள். ஏழு மாதம் எல்லாப் படியும் ஏறினேன். கூட்டத்துக்குப் போனேன், விருந்துக்குப் போனேன், புது ஆட்களோடு உட்கார்ந்தேன். பயம் ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. ஆலோசகரிடம் போய் இது எனக்குச் சரிப்படவில்லை என்றேன். அவர், “போகும்போது கையில என்ன வெச்சிருப்பீங்க?” என்று கேட்டார்.

தண்ணீர் பாட்டில். எப்போதும். கை நடுங்குவது தெரியாமலிருக்க அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், பதில் தெரியாதபோது ஒரு வாய் குடிப்பேன். அது போக, பேசப்போகும் வாக்கியத்தை உள்ளுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்ப்பேன், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவேன், யாராவது என்னைக் கேட்பதற்குள் நானே அவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். 1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் விளக்கியது இதைத்தான் என்று ஆலோசகர் சொன்னார். தப்பித்ததற்குக் காரணம் பாட்டில் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது, அதனால் அடுத்த தடவையும் பயம் அப்படியே காத்திருக்கிறது.

அடுத்த வாரம் பாட்டில் இல்லாமல் போனேன். ஒரு வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கையும் காலியாக இருந்தன. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் கட்டினேன், பிரித்தேன், தொங்கவிட்டேன். நடுங்கின. ஒளிக்க எதுவும் இல்லை என்றானதும், என்னையே பார்த்துக்கொண்டிருந்த பார்வை மெல்ல வெளியே போனது. எதிரே நின்ற பெண் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் லேசாக நீர். ஏழு மாதத்தில் இன்னொருவர் பேசியதை நான் முழுசாகக் கேட்டது அன்றுதான்.

மூன்றாம் மாடி:
இதையெல்லாம் படித்தேன். நான் இன்னும் இரண்டாவது படியில்தான் இருக்கிறேன். கீழ் வீட்டுக்காரரின் கடிதம் ஒன்று தவறி என் பெட்டிக்கு வந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நேற்று அவர் கதவு வரை போனேன். அழைப்பு மணிமேல் விரல் வைத்துவிட்டேன், பொத்தானின் குளிர்ச்சிகூடத் தெரிந்தது. அழுத்தவில்லை. கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளலாம் என்று குனிந்தேன், அது ஏமாற்று வேலை என்று தோன்றியது. கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டேன். இப்போது என் மேசைமேல் இருக்கிறது.

நலம்விரும்பி:
எனக்குப் பெரிய அனுபவம் இல்லை, நேர்காணலில் ஒரு தடவை குரல் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் இவ்வளவு பேர் எழுதியும் மருந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேடைப் பேச்சு மாதிரி ஒரு நாள் நிகழ்வுக்கு முன்னால் சிலருக்கு மருத்துவர்கள் ப்ரோப்ரனலால் தருவார்கள். அது நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும், மனதிலிருக்கும் பயத்தைத் தொடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நீண்ட நாளாக இருக்கும் சமூகப் பதற்றத்துக்கு வழக்கமாக எழுதித் தருவது செர்ட்ரலின் போன்ற வேறு வகை மருந்துகள். அவை வேலை செய்யப் பல வாரம் ஆகும், நன்றாக இருக்கிறது என்று நாமாக நிறுத்தவும் கூடாது. பதற்றம் குறைய மது அருந்திவிட்டுப் போவது சாரல் சொன்ன பாட்டிலைவிட மோசமான ஊன்றுகோல். வேலையும் படிப்பும் நின்றுபோகிற அளவுக்கு இருந்தாலோ, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வந்தாலோ, ஏணியைத் தனியாகப் போடாதீர்கள், மனநல மருத்துவரிடம் போய் அவரோடு சேர்ந்து போடுங்கள்.

கல்தூண்:
வெண்மணல், பூங்கா விஷயத்தில் நீங்கள் சொன்னது நியாயம். அந்தப் பக்கத்திலிருந்து நான் யோசித்ததில்லை. அந்த ஆசிரியர் செய்தது தவறு. வேகம் பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் மேடைக்கு நானாகத்தான் போனேன் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது உண்மை.

நுனி இருக்கை:
சாரலின் பதிவை நான்கு தடவை படித்தேன். என் தாள்தான் எனக்குப் பாட்டில் என்று இப்போது படுகிறது. எழுதி வைத்திராவிட்டால் அது ஆடவும் ஆடியிருக்காது. வியாழக்கிழமை மறுபடி கூட்டம். தாள் இல்லாமல் போகப்போகிறேன். மதிப்பெண் 85 போட்டிருக்கிறேன்.

மூன்றாம் மாடி, கடிதம் இன்னும் மேசையில்தானே இருக்கிறது?

மூன்றாம் மாடி:
இல்லை. இன்று மாலை எடுத்துக்கொண்டு போனேன். கதவு முன்னால் நின்றபோது 80. மணியை அழுத்தினேன். உள்ளே அது ஒலிப்பது கேட்டது. யாரும் வரவில்லை. உடனே திரும்பிவிடலாம் என்று இருந்தது, ஆனால் நின்றேன், அறுபதுவரை எண்ணினேன். எண்ணி முடிக்கும்போது 60 இருக்கும். வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது. கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நாளைக்கு ஆறு மணிக்குமேல் போகிறேன், அப்போது ஜன்னலில் விளக்கு எரியும்.