புதுப்பிப்பு: ஆல்ஃபா ஒன் ஹின்ஜ் பின் கழன்றுவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: என் படகின் மெர்க்குரூசர் ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன்டிரைவில் (படகின் பின்புறம் பொருத்தும் உந்து அமைப்பு) பெல் ஹவுசிங் என்ற அலுமினியக் கூட்டைத் தாங்கும் இரண்டு ஹின்ஜ் பின்களில் (கீல் போல் வேலை செய்யும் மரையுள்ள ஊசிகள்) இடதுபுறத்தது அசையவில்லை, எந்த டூல் வேண்டும் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டும் வெளியே வந்துவிட்டன.

வேலை செய்தது பதில்களில் வந்த சூடு காட்டும் யோசனைதான். பின்னின் உள்வாயில் சாதாரண ஆலன் கீ சரியாக உட்காராது. வழுக்கி மூலையை மழுக்கிவிடும். இதற்கென்றே உள்ள ஹின்ஜ் பின் டூலை அரை இஞ்ச் இம்பாக்ட் ரெஞ்சில் (தட்டித் தட்டித் திருப்பும் கருவி) மாட்டினேன். மரையில் லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) இருப்பதால் துரு இளக்கும் எண்ணெய் இரண்டு நாள் ஊறியும் பயனில்லை; சூடு பட்டால்தான் அது இளகும். ஹீட் கன்னால் பின்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தைப் பத்து நிமிடம் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் லேசாகத் தட்டி, பிறகு கழற்றும் பக்கம் ஓட்டினேன். வெள்ளைத் தூள் உதிர்ந்தது, பின் சுழன்றது. தீ டார்ச் கண்டிப்பாக வேண்டாம்: படகுக்குள் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கலாம், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் பெல்லோஸ் என்ற மடிப்பு ரப்பரும் பக்கத்திலேயே இருக்கிறது.

எதிர்பாராதது: பின்னோடு சேர்ந்து உள்ளிருந்த வாஷரும் கீழே விழுந்தது. திரும்ப மாட்டும்போது அதை விட்டுவிடாதீர்கள். மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, புது லாக்டைட் தடவி, 95 அடி-பவுண்டு முறுக்கு விசையில் இறுக்கியாயிற்று.