ஸ்டெயின்டு கிளாஸ் பார்டர் வைத்த மிரர்: ஓரத்தில் ரசம் போகாமல் செய்வது எப்படி?

வண்ணச்சில்லு:

வணக்கம் நண்பர்களே. மொத்தம் 12×18 இன்ச், நடுவில் 8×14 மிரர், சுற்றிலும் 2 இன்ச் கலர் கிளாஸ் பார்டர், நாலு மூலையிலும் தாமரை மொட்டு. கிளாஸ் துண்டுகளின் ஓரத்தில் காப்பர் ஃபாயில் (பசையுள்ள மெல்லிய செம்பு நாடா) சுற்றி ஈயம் (சால்டர்) வைக்கும் முறையில் இதை வீட்டிலேயே செய்யப் போகிறேன். கிளாஸ் வெட்டவும் சால்டர் வைக்கவும் பழக்கம் உண்டு. மிரரோடு சேர்த்துச் செய்வதுதான் புதிது.

சால்டர் வைத்த மிரரில் கொஞ்ச நாளிலேயே ஓரத்திலிருந்து கருப்பு படர்கிறது என்கிறார்கள். அது ஏன், எப்படித் தடுப்பது? 3 மி.மீ. மிரருக்கு எந்த அகல ஃபாயில் சரி? ஊடே தெரிகிற கதீட்ரல் கிளாஸை பார்டருக்குப் போடலாமா? மாட்டப் போவது ஹாலில் வாஷ்பேசினுக்கு மேல்.

ஈயக்கோடு:

கருப்பு படர முக்கியக் காரணம் ஃப்ளக்ஸ், அதாவது ஈயம் ஃபாயிலில் பிடிக்க முதலில் தடவும் பொருள். மிரரின் முதுகில் கண்ணாடியை ஒட்டி வெள்ளிப் பூச்சு, அதற்கு மேல் அதைக் காக்கும் பெயிண்ட். முதுகை பெயிண்ட் பார்த்துக்கொள்ளும், ஆனால் வெட்டிய ஓரத்தில் வெள்ளி திறந்தே கிடக்கிறது. ஸ்டெயின்டு கிளாஸுக்கு விற்கும் ஃப்ளக்ஸில் பெரும்பாலும் ஜிங்க் குளோரைடு இருக்கும். அது ஃபாயிலுக்கு அடியில் ஊறி வெள்ளியை அரிக்கும். ஈயக் கோட்டின் நிறத்தை மாற்றப் பூசும் பாட்டினாவும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால் வெட்டும்போதே கவனம் தொடங்க வேண்டும்.

கட்டரை எப்போதும் முகம் தெரியும் பக்கத்தில் ஓட்டுங்கள். பெயிண்ட் மேல் ஓட்டினால் கோடு சரியாக விழாது, பெயிண்டும் உதிரும். உடைக்கும்போது ரன்னிங் பிளையரின் (கீறிய கோட்டில் கிளாஸைப் பிளக்கும் இடுக்கி) வாயில் ரப்பர் உறை இருக்கட்டும். கிரைண்டரில் ஃபைன் பிட், நிறையத் தண்ணீர், லேசான அழுத்தம். பெயிண்ட் பக்கம் மேலே இருக்கட்டும், இல்லையென்றால் கிரைண்டர் மேடையின் சல்லடையில் தங்கிய கண்ணாடித் தூள் அதைக் கீறிவிடும். தீட்டி முடித்ததும் முதுகு ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மணல் அளவு பெயிண்ட் பெயர்ந்திருந்தாலும் கருப்பு அங்கிருந்துதான் கிளம்பும். பெயர்ந்த இடம் ஃபாயிலின் மடிப்புக்குள் மறையாது என்றால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து சீலிங். ஓரத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபேன் அடியில் நன்றாகக் காய விடுங்கள். மிரர் எட்ஜ் சீலன்ட் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் நிறமில்லாத நெயில் பாலிஷ். ஓரம் முழுக்கவும், முதுகில் 5 மி.மீ. உள்ளே வரையும் இரண்டு கோட்டிங். ஒரு இரவு காய்ந்த பிறகே ஃபாயில். முதுகில் ஃபாயில் மடிப்பு ஒரு மி.மீ. சொச்சம்தான் வரும், சீலன்ட் அதைத் தாண்டி நிற்க வேண்டும்.

3 மி.மீ.க்கு 7/32 இன்ச் ஃபாயில். அகலம் சுமார் 5.6 மி.மீ., இரண்டு பக்கமும் 1.3 மி.மீ. மடியும். வெறும் செம்பு நிற ஃபாயில் வேண்டாம். முகப் பக்கத்து மடிப்பின் அடிப்பக்கம் மிரருக்குள் பிரதிபலித்து, ஓரமெல்லாம் மெல்லிய செம்புக் கோடாகத் தெரியும். ஈயத்தை வெள்ளியாகவே விடுவதாக இருந்தால் பசைப் பக்கம் வெள்ளி நிறமாக உள்ள சில்வர் பேக் ஃபாயில், கருப்புப் பாட்டினா போடுவதாக இருந்தால் அந்தப் பக்கம் கருப்பாக உள்ள பிளாக் பேக். உங்கள் அளவுக்கு ஒரு 36 கஜம் ரோல் தாராளம். சால்டர் 60/40 (60 வெள்ளீயம், 40 ஈயம்), உள்ளே ரோசின் (பிசின் ஃப்ளக்ஸ்) இல்லாத கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ரோசின் கோர், கிளாஸ் மேல் பிசினாக ஒட்டும். கால் கிலோ எடுத்து வையுங்கள்.

மிரரை ஒட்டிய கோடுகளுக்கு ஜெல் ஃப்ளக்ஸ், ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில், ஃபாயில் மேல் மட்டும். அயர்ன் 370 முதல் 400 டிகிரி. ஒரே இடத்தில் நிற்காதீர்கள், முதுகு பெயிண்ட் கொப்பளிக்கும். முடித்த அன்றே கழுவிவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. தண்ணீரில் ஊற வைக்கவும் கூடாது. ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து, துணியில் நனைத்துத் துடைத்து, பிறகு சுத்தமான ஈரத்துணி, உடனே ஹேர் டிரையர். பாட்டினா போட்டே ஆக வேண்டும் என்றால் காட்டன் பட்ஸால் கோட்டின் மேல் மட்டும்.

சாளரம்:

ஈயக்கோடு சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வாஷ்பேசின் மேல் என்றால் என் பரிந்துரை வேறு: மிரரில் சால்டரே வைக்காதீர்கள். எவ்வளவு நன்றாக சீல் செய்தாலும் தினமும் ஈரம் படுகிற இடம் அது. ரசம் போனால் பார்டரையும் பிரித்தாக வேண்டும்.

பார்டரை மட்டும், நடுவில் 8×14 திறந்திருக்கும் தனி பேனலாகச் செய்யுங்கள். உள் விளிம்பில் ஈயம் பூசிய செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றிலும் வைத்துப் பற்றவைத்தால் பேனல் வளையாது. ஃப்ளக்ஸ், பாட்டினா, கழுவல் எல்லாம் அதோடு முடிந்தது. பின்னால் 12×18 முழு மிரர். இரண்டையும் ஒரே மரச் சட்டத்துக்குள் இறக்கிவிடலாம். பேனல் ஈயக் கோட்டோடு சேர்த்து ஏறக்குறைய 5 மி.மீ., மிரர் 3, முதுகுப் பிளைவுட் 4. மொத்தம் 12. கொஞ்சம் இடம் விட்டு, தச்சரிடம் சட்டத்தின் உள் வெட்டு ஆழம் 13 மி.மீ. என்று சொல்லுங்கள். மிரர் எப்போதாவது கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கதீட்ரல் கிளாஸ் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஜன்னலில் ஒளி பின்னாலிருந்து வரும், சுவரில் அது கிடையாது. பின்னால் வெறும் சுவர் இருந்தால் நல்ல சிவப்பும் நீலமும் கருத்துப்போகும். அதனால் மிரரையே நடுவில் வைத்துச் சால்டர் செய்பவர்கள் பார்டருக்கு ஓபலசென்ட் கிளாஸ் (ஊடே தெரியாத, பால் போன்ற கிளாஸ்) எடுப்பதுதான் நல்லது. முழு மிரரைப் பின்னால் வைத்தால் கதீட்ரல் தாராளமாகப் போடலாம். ஒளி கிளாஸ் வழியாக ஒரு முறை போய், மிரரில் பட்டு மறுபடி அதே வழியாக வரும். நிறம் இருமடங்கு அடர்த்தியாகத் தெரியும் என்பதால் வெளிர் நிறங்களாக எடுங்கள். தாமரைக்கு வெளிர் ரோஜா, இலைக்கு இளம்பச்சை போதும்.

ஒட்ட வேண்டி வந்தால் நியூட்ரல் க்யூர் என்று டியூபில் எழுதியிருக்கும் சிலிக்கான் மட்டும். காடி வாசனை அடிப்பது அசிட்டிக் சிலிக்கான், காயும்போது வரும் அமிலம் ரசத்தைத் தின்னும்.

வண்ணச்சில்லு:

மிக்க நன்றி. முழு மிரர் வழியில்தான் போகிறேன். இரண்டு சந்தேகம். ஈயக் கோடுகள் மிரரில் பிரதிபலித்து இரட்டையாகத் தெரியாதா? மூலையில் தாமரை வரும்போது பார்டரை எங்கே பிரிப்பது?

சாளரம்:

தெரியும். கதீட்ரல் கிளாஸ் வழியாகப் பக்கவாட்டில் பார்த்தால் கோட்டுக்கு ஒரு நிழல் கோடு இருக்கும். அலை அலையான அல்லது சுத்தியல் அடித்தது போன்ற பரப்புள்ள கிளாஸ் எடுத்தால் அது கலைந்துபோகும், வழவழப்பான கிளாஸில்தான் உறுத்தும். பேனலின் பின்பக்கக் கோடுகளைத் தட்டையாக வைத்து, மிரரோடு இடைவெளியைக் குறையுங்கள். பின்பக்கத்துக்கும் பாட்டினா போட மறக்காதீர்கள், மிரரில் தெரிவது அந்தப் பக்கம்தான்.

பேனலைக் கழுவியதும் உடனே சட்டத்தில் அடைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் திறந்து வையுங்கள். கோட்டில் வெள்ளைத் தூள் பூத்தால் ஃப்ளக்ஸ் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கழுவ வேண்டும். அடைத்த பிறகு அந்தப் பக்கத்துக்குத் துணி எட்டாது.

ஈயக்கோடு:

மூலையைப் பற்றி: L வடிவத் துண்டு வெட்டவே வேண்டாம். உள் மூலையில் கட்டர் கோடு திரும்பாது. கிரைண்டரில் எப்படியோ எடுத்துவிட்டாலும் சால்டர் சூட்டில் அந்த மூலையிலிருந்தே விரிசல் ஓடும். திறப்பின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு கோடு கட்டாயம் வெளியே போக வேண்டும். உங்கள் மொட்டின் நடு இதழை அந்த மூலைக்கோட்டின் மேல் நிறுத்தினால், இதழின் நுனி திறப்பின் மூலையைத் தொடும், இரண்டு பக்கத்துப் பின்னணித் துண்டுகளும் தானாகப் பிரிந்துவிடும். துண்டுகளுக்கு நடுவே ஃபாயிலுக்கு 0.8 மி.மீ. இடம் விட்டு பேட்டர்ன் வெட்டுங்கள். விடாவிட்டால் சுற்றி முடிக்கும்போது பேனல் 12×18-ஐத் தாண்டி வளர்ந்து சட்டத்தில் இறங்காது.

எடையையும் பாருங்கள். 12×18-ல் 3 மி.மீ. மிரர் மட்டும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பார்டர், பிளைவுட், சட்டம் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும். கொக்கியைச் சட்டத்தின் மரத்தில் திருகுங்கள், பேனலின் ஃபாயில் விளிம்பில் பற்றவைக்காதீர்கள், ஃபாயில் கிளாஸை விட்டு உரிந்து வந்துவிடும்.

60/40-ல் 40 சதவீதம் ஈயம். சமையலறை மேடையில் இந்த வேலை வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. கண்ணுக்குத் தெரியும் புகை ஃப்ளக்ஸ் புகை, அதற்கு ஜன்னலைத் திறந்து, ஃபேன் உங்களிடமிருந்து வெளியே தள்ளும்படி வையுங்கள்.

நீலச்சாயல்:

ஒன்று சேர்க்கிறேன். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டி, சுவரிலிருந்து 5 மி.மீ.யாவது தள்ளி நிற்க விடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் பிளைவுட்டில் ஏறாது. மாட்டிய பிறகு கிளீனரை மிரர் மேல் நேராக அடிக்காதீர்கள். வழிந்து கீழ் விளிம்பில் தேங்கும், ரசம் போவது பெரும்பாலும் அந்தக் கீழ் விளிம்பில்தான் ஆரம்பிக்கும். துணியில் அடித்துத் துடைத்தால் போதும்.