கோபி முகாம் மாதிரிகளில் மட்டும் மிர்-122 குறைகிறது. வெயிலில் சிதைந்துவிட்டதா?

கோவை ஆய்வு மாணவி:
வணக்கம். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் பிளாஸ்மாவில் (ரத்தத்தில் அணுக்களை நீக்கிய திரவம்) மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.) அளவைப் பார்க்கிறேன். கோபிச்செட்டிபாளையம் முகாமில் எடுத்த 24 பேரின் ரத்தம் சத்தி, அன்னூர் வழியாக பஸ்ஸில் கோவை வந்தது. இங்கே வந்துதான் பிளாஸ்மா பிரித்தேன். எடுத்ததிலிருந்து 5 மணி நேரம் ஆகிவிட்டது. மிர்-16ஐ ஒப்பீடாக வைத்துக் கணக்கிட்டால், நோயாளிகளுக்குக் கோவையில் எடுத்த நலமானவர்களைவிட மிர்-122 குறைவாக வருகிறது. கூடுதலாக அல்லவா வர வேண்டும்? பிரித்தெடுப்பு சரியாக நடந்ததா என்று பார்க்க வெளியிலிருந்து சேர்த்த, புழுவின் மிர்-39உம் டியூபுக்கு டியூப் தாறுமாறு. மைக்ரோ ஆர்.என்.ஏ. கெடாது என்றுதானே படித்தோம்?

பவானிக்காரர்:
மூன்று விஷயம் சொல்லுங்க. ஒப்பிடுவதற்கு முன் மிர்-122 சி.டி. (பி.சி.ஆரில் எத்தனையாவது சுழற்சியில் தெரிகிறது என்ற எண்; குறைந்தால் அளவு அதிகம்) எவ்வளவு? பிளாஸ்மா என்ன நிறம்? மிர்-39ஐ எப்போது சேர்த்தீங்க?

கோவை ஆய்வு மாணவி:
மிர்-122 இரண்டு ஊரிலும் 27, 28தான். மிர்-16 கோபி மாதிரிகளில் 3 சுழற்சி முன்னாலேயே வந்துவிடுகிறது. சில டியூப் லேசான ரோஸ். மிர்-39ஐப் பிளாஸ்மாவில் விட்டு, அப்புறம் டிரைசால் (நொதிகளைச் செயலிழக்க வைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க உதவும் கரைசல்) ஊற்றினேன்.

பவானிக்காரர்:
அப்படியென்றால் மிர்-122 வெயிலில் கெட்டதற்கு அடையாளமே இல்லைங்க. சிவப்பணு உடைந்திருக்கிறது. மிர்-16 சிவப்பணுவுக்குள் ஏராளம். 3 சுழற்சி என்றால் ஏறக்குறைய 8 மடங்கு. ஒப்பீடு ஏறியதால் மிர்-122 இறங்கியது போலத் தெரிகிறது.

2008இல் வந்த ஆய்வில் அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்தும், 8 முறை உறைய வைத்து உருக்கியும் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அது பிரித்தெடுத்த பிளாஸ்மா, முழு ரத்தம் அல்ல! இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். ரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆர்கோநாட் புரதத்தோடு ஒட்டியோ, நுண்பைகளுக்குள்ளோ இருப்பதால்தான் நொதிகளுக்குத் தப்புகிறது. நீங்கள் விட்ட மிர்-39க்கு அந்தக் காவல் இல்லை. பிளாஸ்மாவில் விழுந்த உடனே அரிக்கத் தொடங்கிவிடும். டிரைசால் கலந்த பிறகு சேருங்க.

சிவப்பணு எவ்வளவு உடைந்திருக்கிறது என்று தெரிய, ஒவ்வொரு டியூபிலும் மிர்-23ஏ சி.டி.யிலிருந்து மிர்-451ஏ சி.டி.யைக் கழித்துப் பாருங்க. 7க்கு மேல் போனால் அந்த மாதிரியை நம்ப வேண்டாம்.

பெருந்துறை லேப் அக்கா:
கண்ணு, அடுத்த முறை சென்ட்ரிபியூஜை முகாமுக்கே தூக்கிப் போ. ஊதா மூடி டியூபில் எடு. பச்சை மூடியில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் இருக்கும், அது பி.சி.ஆரையே கெடுத்துவிடும். பிரித்த பிளாஸ்மாவை இன்னொரு தடவை வேகமாகச் சுற்று. தட்டணு மிஞ்சினால் உறைய வைத்து உருக்கும்போது அதிலிருக்கிறதும் கலந்துவிடும். முழு ரத்தத்தை ஐஸ் மேலேயே வைக்காதே, பட்ட இடத்தில் உறைந்தாலும் அணு உடையும்.

கோவை ஆய்வு மாணவி:
கழித்துப் பார்த்தேன். 24இல் 9 மாதிரி 7ஐத் தாண்டுகிறது. அதில் 4 ரோஸாகவே தெரியவில்லை, கண்ணை நம்பியிருந்தால் தப்பியிருக்கும். மிர்-39ஐ டிரைசாலுக்குப் பிறகு சேர்த்ததும் எல்லா டியூபிலும் ஒரே சீராக வந்துவிட்டது. அந்த 9 பேரிடமும் மறுபடி ரத்தம் கேட்கப் போகிறேன். சென்ட்ரிபியூஜ் தர வழிகாட்டி ஒப்புக்கொண்டார். ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா.