பனங்கட்டி உருண்டைக்கும் சிவப்பு வட்டம்தான்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் குரக்கன் சத்துமாவும் குரக்கன் உருண்டையும் செய்கிறேன். 2022இல் பால்மா விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, காலையில் பிள்ளைகளுக்கு எதைக் கரைத்துக் கொடுப்பது என்று எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. குரக்கன், பயறு, உளுந்து, கச்சான் எல்லாம் வறுத்து அரைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்ததுதான் தொடக்கம். ‘தொழில்முனைவோர்’ என்ற பட்டம் பிறகு ஒரு பயிற்சிப் பட்டறையில் கிடைத்தது.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்தேன். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து ஜன்னலுக்கு வலை அடி, மேசைக்கு டைல்ஸ் ஒட்டு, தலைக்குத் தொப்பி போடு என்று சொன்னதையெல்லாம் செய்தேன். காசும் காலும் தேய்ந்தது, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது லேபிள் கதை.

உருண்டைப் பக்கற்றில் ‘சீனி இல்லை, ஆரோக்கியமானது’ என்று பச்சை எழுத்தில் போட்டு ஆயிரம் லேபிள் அடித்துவிட்டேன். பொய்யென்று நினைக்கவில்லை. வெள்ளைச் சீனி ஒரு மணிகூடப் போடவில்லை, முழுக்கப் பனங்கட்டி. அம்மம்மா காலத்திலிருந்து அது உடம்புக்கு நல்லதென்றுதானே கேட்டு வளர்ந்தோம்.

கடற்கரைப் பக்கம் ஒரு விற்பனைக் கண்காட்சிக்கு வயதான ஐயா ஒருவர் வந்தார். கண்ணாடியைப் போட்டு லேபிளை வாசித்தார், இரண்டு பக்கற் வாங்கினார். பத்து நாள் கழித்து வீடு தேடி வந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து நீட்டினார். இரத்தத்தில் சீனி பார்த்த கணக்கு, தேதி வாரியாக.

“பிள்ளை, நான் சீனி வருத்தக்காரன். சீனி இல்லையெண்டு போட்டிருக்கிறீங்களே எண்டு விடியவும் பின்னேரமும் ரெண்டு ரெண்டு சாப்பிட்டன். இதைப் பாருங்கோ.”

சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாயடைத்துப்போய், தேத்தண்ணி குடிக்கிறீங்களா ஐயா என்று கேட்டேன். “சீனி போடாமல் தாங்கோ” என்றார்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோ கலவையில் 350 கிராம் பனங்கட்டி. அதில் கொஞ்சம் கனிமச்சத்து உண்டு, ஆனால் பெரும்பகுதி சுக்ரோஸ், கடைச் சீனியில் இருக்கும் அதே பொருள். சோடாப் போத்தலில் 2016இலிருந்து சீனி அளவைக் காட்டும் நிற வட்டம் பார்க்கிறோம். 2019இலிருந்து திண்ம உணவுக்கும் அது வந்துவிட்டது: 100 கிராமில் சீனி 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு. அது பிஸ்கற் கொம்பனிகளின் பாடு என்று இருந்துவிட்டேன். கொழும்புக்கு மாதிரி அனுப்பி அறிக்கை எடுத்தால், சிவப்பேதான்.

மீந்த லேபிளையெல்லாம் கிழித்தேன். பேரீச்சம்பழம் போடலாமே என்றாள் மச்சாள். அதுவும் சீனிதான். பனங்கட்டியைப் பாதியாக்கினால் உருண்டை கையிலேயே உதிர்ந்தது, பாகுதானே அதைப் பிடித்து வைத்திருக்கிறது! கடைசியில் ‘பனங்கட்டி உருண்டை’ என்றே பெயரை மாற்றி, சிவப்பு வட்டத்தோடு பலகாரமாக விற்கிறேன். விற்பனை குறைந்தது உண்மை. இனிப்பில்லாத சத்துமா தனி. ஐயாவும் அதைத்தான் வாங்குகிறார். குரக்கனும் மாச்சத்துத்தான், அளவோடு குடியுங்கோ என்று சொல்லித்தான் கொடுப்பேன். 100 கிராம் குரக்கனில் கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். பெருமை பேச அது போதாதா?

இதை வாசித்துவிட்டு என்னைப்போல் மா விற்கும் இரண்டு பேர் எழுதியதும், கடைசியில் என் பதிலும்:

நிலாவெளியிலிருந்து:
அக்கா, எனக்கும் லேபிளால்தான் அடி. ஹோட்டல்களுக்குக் குரக்கன் மா கொடுக்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை வெள்ளைக்காரர் கூட்டம். வாடைக்காற்று தொடங்கினால் ஹோட்டலும் தூக்கம், நானும் தூக்கம். ‘குளூட்டன் இல்லை’ என்று போட்டால் விலை கூட்டலாம் என்று ஒருவர் யோசனை தந்தார். குளூட்டன் கோதுமையில் இருக்கும் புரதம், குரக்கனில் கிடையாதுதான். ஆனால் ஒரு வெள்ளைக்காரப் பெண் சமையலறை வாசலுக்கே வந்து, இதை எங்கே அரைக்கிறீர்கள் என்று கேட்டாள். ஊர் மில்லில். அங்கே கோதுமையும் அரைப்பார்களா? அரைப்பார்கள். பக்கற்றை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குச் சீலியாக் நோயாம், மில்லில் ஒட்டிக் கிடக்கும் கோதுமைத் தூளே குடலைக் கெடுத்துவிடும். “தங்கச்சி, துடைச்சுப்போட்டுத்தான் அரைக்கிறன்” என்று மில் அண்ணன் கோபித்துக்கொண்டார். சொந்த மெஷினுக்குக் காசு சேர்க்கிறேன். அதுவரை அந்த வரி கிடையாது.

மூதூரிலிருந்து:
கிளினிக்கில் திரிபோசா சத்துமா சும்மா தருகிறார்கள், உன் மாவுக்கு ஏன் காசு என்று கேட்பார்கள். அது கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும், உங்கள் மாமியாருக்கு யார் தருவது என்று கேட்டு விற்றேன். இப்போது மாமியார்மார்தான் என் வாடிக்கை. சரி, மழை நாளில் மா கட்டிபடுகிறதே, என்ன செய்கிறீர்கள்?

உப்புவெளியிலிருந்து:
சூடு ஆறுமுன் சீல் வைக்கிறீர்கள் போல. அகலமாகப் பரப்பி, கை வைத்தால் குளிர வேண்டும். இல்லாவிட்டால் ஆவி உள்ளேயே தண்ணீராகிவிடும். நவம்பர், டிசம்பரில் நான் கச்சான் சேர்ப்பதே இல்லை. ஈரத்தில் அதில் பிடிக்கும் பூஞ்சணம் நஞ்சு விடும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. போன டிசம்பரில் ஐயா போன் எடுத்தார்: “பிள்ளை, லேபிளில கச்சானைக் காணேல்லையே?”